மண் பாதையில் முகாம்: வண்டியில் சாமான் ஏற்றும் முறை

மாலை ஐந்தரை மணி, தூறல். பின்சக்கரம் இரண்டும் சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டன. மண்வெட்டி வண்டியில்தான் இருந்தது. ஆனால் அதன் மேல் இரண்டு சாப்பாட்டுப் பெட்டி, அவற்றின் மேல் டென்ட், அதற்கும் மேல் மடக்கு நாற்காலிகள், எல்லாவற்றுக்கும் மேலே படுக்கைச் சுருட்டுகள். ஒவ்வொன்றாக எடுத்துச் சேற்றில் வைத்தோம். மண்வெட்டி கைக்கு வந்தபோது கால் மணி நேரம் ஓடியிருந்தது. அப்புறம் சக்கரத்தைச் சுற்றித் தோண்டி வண்டியை வெளியே எடுக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் நனைந்த படுக்கை நனைந்ததுதான். அன்றிரவு எங்களில் ஒருவர் விடிய விடிய நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்று எங்களிடம் எந்தப் பொருளும் குறையவில்லை. ஏற்றிய வரிசைதான் தப்பு. அதற்குப் பிறகு வண்டியில் ஏறும் ஒவ்வொரு பொருளிடமும் இரண்டு கேள்வி கேட்பேன்: இதன் எடை வண்டியில் எங்கே உட்காரப் போகிறது? அவசரம் என்றால் கை இதை எவ்வளவு நேரத்தில் எட்டும்? புதிதாகக் கிளம்புகிறவர்கள் எதை வாங்குவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்துவிட்டால், வாங்க வேண்டியதில் பாதி தானாகவே குறைந்துவிடும்.

முதலில் வண்டி எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பட்டியைப் படியுங்கள். அங்கே இல்லையென்றால் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து வண்டி மொத்தம் எவ்வளவு எடை வரை போகலாம் என்ற எண் அதில் இருக்கும். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிச்சம்தான் உங்கள் கணக்கு. அந்த மிச்சத்துக்குள் நீங்களும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மிச்சம் 600 கிலோ என்று வையுங்கள். நான்கு பெரியவர்கள் 280 கிலோ. மூன்று நாளுக்கான தண்ணீர், கொஞ்சம் கையிருப்போடு 60 கிலோ. 20 லிட்டர் டீசல் கேன் ஒன்று, கேனின் எடையோடு 20 கிலோவுக்குச் சற்று மேல். சாப்பாடு நிரப்பிய குளிர்பெட்டி 40. கூரையில் பொருத்தும் டென்ட் 60. முன்னால் இரும்பு பம்பரும், வடத்தைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச்சும் மாட்டியிருந்தால் ஒரு 90. கூட்டினால் 550 தாண்டிவிட்டது. கருவிகள், சிக்கிய வண்டியை வெளியே எடுக்கும் மீட்புச் சாமான், அடுப்பு, துணிமணி, படுக்கை எல்லாவற்றுக்கும் சேர்த்து இனி 50 கிலோகூட இல்லை. பெரிய வண்டி, தாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுகிறவர்கள் ஒரு முறையாவது முழுச் சுமையோடு லாரி எடை மேடைக்குப் போய் நிறுத்திப் பார்க்க வேண்டும். முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியே எடை போடச் சொல்லுங்கள். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் அச்சு மட்டும் வரம்பைத் தாண்டியிருப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

கூரைக்குத் தனி வரம்பு உண்டு. ஓடும் வண்டிக்கான அந்த எண் பல வண்டிகளில் 50 முதல் 100 கிலோவுக்குள்தான் வரும். கேரியரின் எடையும் அதில் சேரும். நின்றுகொண்டிருக்கும்போது கூரை இதைவிடப் பல மடங்கு தாங்கும். கூரை டென்ட்டில் இரண்டு பேர் தூங்க முடிவது அதனால்தான். ஆனால் கரடுமுரடான பாதையில் நிலைமை தலைகீழ். ஒவ்வொரு குலுக்கலிலும் சுமை பக்கவாட்டில் ஆடிக் கேரியரின் கால்களைப் பிடுங்கப் பார்க்கும். அதனால் கேரியர் செய்கிற சில நிறுவனங்கள் மண் பாதைக்கென்று இன்னும் குறைந்த வரம்பைத் தனியாகக் குறிப்பிடுகின்றன. கூரையில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் வண்டியின் எடை மையத்தை மேலே தூக்கும். பக்கச் சரிவான பாதையில் வண்டி கவிழ்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தண்ணீர் கேனையும் கருவிப் பெட்டியையும் கூரையில் கட்டாதீர்கள். அங்கே போக வேண்டியவை இடத்தை அடைக்கிற, ஆனால் கனமில்லாத பொருள்கள்: படுக்கைச் சுருட்டு, தார்ப்பாய், நாற்காலி.

தரையில் பரப்புங்கள், மூன்று குவியலாகப் பிரியுங்கள்

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பவை ஒரு குவியல். தண்ணீர், முதலுதவி, குளிருக்கான படுக்கை, தகவல் தொடர்பு, தீயணைப்பான் இவை அதில் வரும். இல்லாவிட்டால் பயணம் பாதியில் நின்றுவிடும் என்பவை இரண்டாவது: டயர் சாமான், மீட்புச் சாமான், கருவிகள், எரிபொருள். மூன்றாவது, இருந்தால் சுகம் என்கிற வகை. கூரை டென்ட், பெரிய மேசை, அலங்கார விளக்கு, வெந்நீர்க் குளியல் எல்லாம் இங்கே.

பெரும்பாலானவர்கள் முதலில் பணம் போடுவது மூன்றாவது குவியலில். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். நல்ல டென்ட் இருக்கும், மேசை விரிப்பு இருக்கும், டயரில் காற்றழுத்தம் பார்க்கும் கருவி இருக்காது. முதல் இரண்டு குவியலும் முழுமையாகிற வரை மூன்றாவதைத் தொடாதீர்கள். முதல் பயணத்துக்கு வீட்டில் இருக்கும் பாத்திரமும் போர்வையும் தாராளமாகப் போதும். வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில், அனுமதி உள்ள இடத்தில் ஓர் இரவு தங்கிப் பாருங்கள். எது தேவைப்பட்டது, எது பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை என்பது அந்த ஒரே இரவில் தெரிந்துவிடும்.

டயர் சாமான்

மண் பாதையில் உங்களுக்கு அதிகம் உதவப்போகிற பொருள் காற்றழுத்த மானி. விலை குறைவு, கையளவுதான் இருக்கும். டயரில் காற்றைக் குறைத்தால் அது தரையோடு படும் பரப்பு நீளும். பாரம் பரவும், மணலில் டயர் புதையாமல் மேலே மிதந்து போகும், கல்லில் வழுக்காமல் கவ்விப் பிடிக்கும். தார்ச்சாலையில் 35 பி.எஸ்.ஐ. (மானி காட்டும் காற்றழுத்த அலகு) வைத்து ஓட்டுகிற வண்டி என்றால் சரளைப் பாதையில் 25 வாக்கில், தளர்ந்த மணலில் 15 முதல் 18 வரை குறைக்கலாம். 15-க்கும் கீழே போனால், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவரும் ஆபத்து உண்டு. காற்றைக் குறைத்த டயரில் வேகமாக ஓட்டவும் கூடாது. பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும்.

குறைத்த காற்றைத் திரும்ப அடைக்கக் கம்ப்ரசர் வேண்டும். உள்ளே சார்ஜர் செருகும் துளையில் மாட்டுகிற சின்னக் கம்ப்ரசர் பெரிய டயருக்குப் பற்றாது. அந்தத் துளைக்கான ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான்; கொஞ்சம் பெரிய கம்ப்ரசரைச் செருகினால் ஃபியூஸ் போய்விடும். நேராக பேட்டரி முனைகளில் கவ்விகளை மாட்டுகிற வகையை வாங்குங்கள். மாட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டே காற்று அடையுங்கள்.

பஞ்சருக்கு, துளையை அராவும் ஊசியும் ஒட்டும் திரிகளும் கொண்ட பெட்டி ஒன்று போதும். டயரைக் கழற்றாமலேயே ஆணித் துளையை அடைத்துவிடலாம். வீட்டிலேயே ஒரு பழைய டயரில் ஆணி அடித்துப் பழகுங்கள். திரி எவ்வளவு இறுக்கமாக உள்ளே போகும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். பக்கச்சுவர் கிழிந்தால் இந்தத் திரியை நம்ப முடியாது. அதற்கு ஸ்டெப்னிதான் வழி. அது மற்ற நான்கு டயரின் அதே அளவில், முழுக் காற்றோடு இருக்க வேண்டும்.

இன்னொன்று. வண்டியோடு வந்த வீல் ஸ்பேனரால் உங்கள் சக்கர நட்டுகளைக் கழற்ற முடிகிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுங்கள். ஒரு பட்டறையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்ட நட்டோடு நான் ஒரு முறை கிளம்பிவிட்டேன். நடுக்காட்டில் ஸ்பேனர் வளைந்ததே தவிர நட் அசையவில்லை. பின்னால் வந்த வண்டியில் நீளக் கைப்பிடி கொண்ட சாக்கெட் இருந்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து அரை மீட்டர் நீளக் கைப்பிடி ஒன்று என் வண்டியை விட்டு இறங்குவதில்லை. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிச் சதுரத்தில் தடித்த பிளைவுட் பலகை ஒன்றும் வேண்டும். அது இல்லாவிட்டால் மென்மையான மண்ணில் வண்டி எழும்பாது, ஜாக்கிதான் கீழே போகும்.

மீட்புச் சாமான்

புதியவர்கள் மிக அதிகமாகத் தப்புச் செய்யும் இடம் இது. உயிர் போகிற தப்பும் இங்கேதான் நடக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

வண்டி சிக்கினால் வரிசை இப்படி: ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதை உடனே நிறுத்துங்கள். இறங்கிப் பாருங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும், வண்டியின் வயிற்றுக்கு அடியிலும் தோண்டுங்கள். காற்றைக் குறையுங்கள். சக்கரத்துக்கு அடியில், டயருக்குப் பிடிப்புத் தரும் மீட்புப் பலகைகளைச் செருகி மெதுவாக நகர்த்திப் பாருங்கள். இத்தனைக்கும் வண்டி வரவில்லை என்றால்தான் இன்னொரு வண்டியால் இழுப்பது. இந்த வரிசைப்படி போனால் பெரும்பாலான சமயம் இழுக்கவே தேவைப்படாது. ஆகவே முதலில் வாங்க வேண்டியவை நீளக் காம்புள்ள மண்வெட்டி, இரண்டு மீட்புப் பலகை, தோல் கையுறை. வின்ச் வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.

இழுப்பதற்கு இரண்டு வகைப் பட்டை உண்டு; இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஓடாத வண்டியைச் சாலையில் கட்டி இழுத்துப் போகிற சாதாரணப் பட்டை நீளாது. சேற்றிலிருந்து பிடுங்குவதற்கான மீட்புப் பட்டை நைலானில் செய்தது. பாரம் விழும்போது ஐந்தில் ஒரு பங்கு வரை நீண்டு, ரப்பர் போல விசையைச் சேமித்துச் சிக்கிய வண்டியை வெளியே இழுக்கும். சாதாரணப் பட்டையை மாட்டி வேகமாக இழுத்தால் அந்த அடி முழுவதும் வண்டியின் சட்டத்தில் விழும். பட்டை அறும், அல்லது மாட்டிய கொக்கி பிய்ந்து பறக்கும். மீட்புப் பட்டையின் தாங்கும் திறன், இரண்டு வண்டிகளில் இலேசானதன் மொத்த எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். மிகவும் தடித்த பட்டை வாங்கினால் அது நீளவே நீளாது; அதனாலும் பயனில்லை.

மாட்டுவதற்கு, தாங்கும் எடை பொறித்த ஷேக்கிள் வேண்டும்; வாயை ஆணியால் மூடுகிற U வடிவ இரும்பு வளையம் அது. 19 மில்லிமீட்டர் ஷேக்கிளில் பெரும்பாலும் 4.75 டன் என்று பொறித்திருக்கும். எண் எதுவும் பொறிக்காத இரும்பு வளையத்தை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கயிற்றால் முடைந்த மென்ஷேக்கிள் இன்னும் நல்லது. கனமில்லை, அறுந்தாலும் இரும்புக் குண்டு போலப் பறக்காது.

டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மீட்புப் பட்டையை ஒருபோதும் மாட்டாதீர்கள். அந்த உருண்டை இந்த மாதிரியான அதிர்ச்சியைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. அது முறிந்து கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். வண்டியின் சட்டத்தோடு போல்ட் போட்டு இணைத்த மீட்புக் கொக்கி முன்னாலும் பின்னாலும் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே குனிந்து பாருங்கள். வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கென்று அடியில் இருக்கும் சின்ன வளையம் அந்தக் கொக்கி ஆகாது. பட்டையின் நடுவில் ஈரச் சாக்கோ கனமான துணியோ போட்டுவிடுங்கள். அறுந்தால் அதன் வீச்சைக் கொஞ்சம் தணிக்கும். வேடிக்கை பார்ப்பவர்களைப் பட்டையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிறுத்துங்கள். பட்டை போகும் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. கூச்சப்படாமல் சத்தம் போட்டுச் சொல்லுங்கள்.

தண்ணீரும் எரிபொருளும்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வையுங்கள், வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாக. திட்டமிட்ட நாளுக்கு மேல் ஒரு நாள் தண்ணீர் எப்போதும் கையிருப்பு. எல்லாவற்றையும் ஒரே பெரிய கேனில் ஊற்றாதீர்கள். ஒரு விரிசல் விட்டால் மொத்தமும் போச்சு. 10 லிட்டர் கேன்களாகப் பிரித்து வைத்தால் தூக்கவும் சுலபம், இடத்துக்கு ஏற்ப நகர்த்தவும் சுலபம்.

எரிபொருள் கணக்கில், தார்ச்சாலையில் வண்டி கொடுக்கிற மைலேஜை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். மணலிலும் தாழ்ந்த கியரிலும் செலவு ஒன்றரை மடங்காகலாம், அதற்கு மேலும் போகலாம். கையிருப்புக்கு 20 லிட்டர் ஜெரி கேன் எடுத்துக்கொள்ளுங்கள். 1930-களின் கடைசியில் ஜெர்மானியர்கள் வடிவமைத்த கேன் இது. மேலே மூன்று கைப்பிடி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுப்பிடியைப் பிடித்து ஒருவர் தூக்கலாம், ஓரப் பிடிகளைப் பிடித்து இரண்டு பேர் பகிர்ந்து தூக்கலாம், காலியான கேன்களை ஒரே கையில் இரண்டாகப் பிடிக்கலாம். முழுதாக நிரப்பினாலும் மேலே ஒரு காற்றறை மிஞ்சும். வெயிலில் எரிபொருள் விரிய அதுதான் இடம். பெட்ரோல் கேனை ஆட்கள் உட்காரும் அறைக்குள் வைக்கக் கூடாது. நிரப்பும்போது வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தே நிரப்புங்கள். வண்டிக்குள் வைத்து நிரப்பினால் நிலை மின்சாரப் பொறி பற்றலாம்.

சமையலும் குளிர்பெட்டியும்

அடுப்பு ஒன்று, பாத்திரம் இரண்டு, கூர்மையான கத்தி, பலகை, ஆளுக்கொரு தட்டும் குவளையும். இதற்கு மேல் எதுவும் அவசியமில்லை. குளிரான இடத்துக்குப் போகிறவர்கள் மட்டும் கேஸ் டின்னைக் கவனித்து வாங்குங்கள். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. உறைபனி விழும் காலையில் டின் நிறைய கேஸ் இருந்தும் அடுப்பு எரியாமல் போவதற்குக் காரணம் அதுதான். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும் என்பதால் அது கலந்த டின் வேண்டும். எவ்வளவு குளிரானாலும் டென்ட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ அடுப்பையோ கரியையோ பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும்.

முதல் சில பயணங்களுக்கு ஐஸ் பெட்டியே போதும். கிளம்புவதற்கு முந்தைய இரவே அதற்குள் ஐஸ் போட்டுப் பெட்டியைக் குளிரவைத்துவிடுங்கள். சின்னக் கட்டிகளை விடப் பெரிய பாளமாக உறையவைத்த ஐஸ் மெதுவாக உருகும். குடிநீர்ப் பாட்டிலையே உறையவைத்தால் உருகிய பிறகு குடிக்கவும் ஆகும். மின்சாரக் குளிர்பெட்டி வாங்கினால் பேட்டரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 40 லிட்டர் அளவுப் பெட்டி, வெயிலைப் பொறுத்து நாளொன்றுக்கு 30 முதல் 50 ஆம்பியர் மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) இழுக்கும். 100 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் கெடுக்காமல் பயன்படுத்த முடியும். ஆக ஒன்று அல்லது ஒன்றரை நாள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம், எடையும் பாதிக்குக் குறைவு, விலைதான் அதிகம். எது வாங்கினாலும் குளிர்பெட்டியை வண்டியை ஸ்டார்ட் செய்கிற பேட்டரியில் இரவு முழுவதும் மாட்டி வைக்காதீர்கள். காலையில் வண்டி கிளம்பாது.

படுக்கை

ஸ்லீப்பிங் பேக்கின் அட்டையில் இரண்டு மூன்று வெப்பநிலை அச்சிட்டிருக்கும். சுகமாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை எது என்று பார்த்து வாங்குங்கள். பெரிய எழுத்தில் போட்டிருப்பது பல சமயம் தாங்கக்கூடிய கடைசி எல்லையாக இருக்கும். அதை நம்பிப் போனால் இரவு முழுக்கப் புரண்டுகொண்டிருக்க வேண்டியதுதான். மேலே போர்த்துவதைப் போலவே கீழே விரிப்பதும் முக்கியம். உடல் அழுத்துவதால் பைக்குள் இருக்கும் பஞ்சு நசுங்கிப்போகிறது. அடிப்பக்கம் குளிரைத் தடுக்க ஒன்றுமே மிஞ்சாது. தரைதான் சூட்டை உறிஞ்சும். தடித்த நுரை மெத்தையோ காற்று மெத்தையோ கட்டாயம். படுக்கையை நீர் புகாத பையில் போட்டு வாயைச் சுருட்டிக் கட்டுங்கள். எங்கள் படுக்கை அப்படிக் கட்டியிருந்தால் அன்று சேற்றில் வைத்தும் நனைந்திருக்காது.

முதலுதவி, தீ, தகவல்

முதலுதவிப் பெட்டியில் காயத்துக்கான பஞ்சும் கட்டும், அகலமான அழுத்தக் கட்டுத் துணி, தீக்காயக் களிம்பு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கத்தரி, முள் எடுக்கும் இடுக்கி இருக்கட்டும். யாராவது தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அவருடைய மருந்து இரண்டு நாள் கூடுதலாக வேண்டும். ஒரு கிலோ உலர்தூள் தீயணைப்பானை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே கை எட்டும் இடத்தில் பொருத்துங்கள். டிக்கியில் வைத்த தீயணைப்பான், வண்டி எரியும்போது எடுக்க முடியாத இடத்தில்தான் இருக்கும்.

வரைபடத்தைக் கைபேசியில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள், காகித வரைபடமும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எந்தப் பாதை, எப்போது திரும்புவீர்கள், எத்தனை மணிக்கு மேல் செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதியே கொடுங்கள். சிக்னல் கிடைக்காத இடங்களுக்கு அடிக்கடி போகப்போகிறீர்கள் என்றால் அபாய அறிவிப்புக் கருவி ஒன்று வாங்கலாம். 406 மெகாஹெர்ட்ஸில் அது அனுப்பும் சைகையை, பல நாடுகள் சேர்ந்து நடத்தும் கோஸ்பாஸ் சார்சாட் மீட்பு ஏற்பாட்டின் செயற்கைக்கோள்கள் பிடித்து மீட்புக் குழுவுக்குச் சொல்லும். 1982-லிருந்து இந்த ஏற்பாடு உயிர்களைக் காப்பாற்றி வருகிறது. செயற்கைக்கோள் தொலைபேசிக்குச் சில நாடுகளில் முன் அனுமதி வேண்டும், அதை விசாரித்துவிட்டு எடுத்துப் போங்கள்.

கழிப்பறைத் தேவைக்குச் சின்னக் கைமண்வெட்டி ஒன்று. நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப்போய், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி. காகிதத்தைப் புதைக்காமல் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இனி ஏற்றுவது

கனமானது கீழே, இரண்டு அச்சுக்கும் நடுவில், பின் இருக்கையின் முதுகை ஒட்டி. தண்ணீர், பேட்டரி, கருவிப் பெட்டி, டின் உணவு எல்லாம் அங்கே. பின் கதவை ஒட்டிக் கனத்தை வைத்தால் அது பின் அச்சுக்கு அப்பால் நெம்புகோல் மாதிரி அழுத்தும். முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் இலேசாகிவிடும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. இடது வலது எடையும் ஏறக்குறையச் சமமாக இருக்கட்டும்.

ஒரே அளவுள்ள மூடியிட்ட பெட்டிகளாக வாங்கினால் அடுக்குவது சுலபம். சமையல், உணவு, கருவி என்று பெட்டிக்கு ஒரு வேலை. பெட்டியின் மூன்று பக்கமும் பெயர் எழுதுங்கள். துணிமணியைப் பெட்டியில் போடாமல் மென்பையில் போட்டால் இடுக்குகளில் திணித்துவிடலாம், மற்றவை ஆடாமலும் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு கனமான பெட்டியையும் வண்டியின் தரையில் இருக்கும் கொக்கிகளோடு பட்டை போட்டு இறுக்குங்கள். ரப்பர்க் கயிறு இதற்கு ஆகாது, அது நீண்டு கொடுத்துவிடும். பலமாகப் பிரேக் அடித்தால், கட்டாத 20 கிலோ பெட்டி நேராக முன்னால் இருப்பவர் தலையை நோக்கித்தான் வரும். டிக்கிக்கும் இருக்கைக்கும் நடுவில் கம்பி வலை போட முடிந்தால் போட்டுவிடுங்கள்.

குலுக்கல் என்ன செய்யும் என்பதை நேரில் பார்க்காமல் நம்புவது கடினம். அலை அலையாக வரி விழுந்த மண் பாதையில் ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு, மாலையில் பானப் பெட்டியைத் திறந்தேன். அடியெல்லாம் பிசுபிசுவென்று ஈரம். ஒரு டின்னை எடுத்துப் பார்த்தால் வாய் திறக்கவில்லை, நசுங்கவும் இல்லை. பக்கத்தில் மட்டும் வெள்ளிக் காசு போல ஓர் இடம் பளபளவென்று தேய்ந்து, அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. அடுத்திருந்த டின்னோடு நாள் பூராவும் உரசி உரசி அலுமினியமே தேய்ந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு உலோகத்தோடு உலோகம், கண்ணாடியோடு கண்ணாடி தொடாதபடி நடுவில் துண்டோ காலுறையோ போட்டுத்தான் வைக்கிறேன். எண்ணெய்ப் பாட்டிலின் மூடியும் குலுக்கலில் தானே கழன்றுகொள்ளும். பாட்டிலைப் பையில் போட்டுக் கட்டி, நிமிர்த்தி வையுங்கள்.

கடைசியாக ஏற்ற வேண்டியது, முதலில் தேவைப்படுவது. மீட்புப் பட்டை, ஷேக்கிள், கையுறை, காற்றழுத்த மானி இவை எல்லாம் ஒரே பையில் பின் கதவை ஒட்டி மேலாக. கனமில்லாததால் அங்கே இருக்கலாம். மண்வெட்டியும் பலகைகளும் வெளிப்பக்கம் கட்டிவிடுவது நல்லது, சேறு பூசியதை உள்ளே கொண்டுவரவும் வேண்டியிருக்காது. முதலுதவிப் பெட்டியும் தலையில் மாட்டும் டார்ச்சும் முன்னிருக்கைக்குப் பக்கத்தில். மழையில் முகாமிட வேண்டி வரும் என்றால் தார்ப்பாய் டென்ட்டுக்கு மேலே இருக்கட்டும். முதலில் தார்ப்பாயைக் கட்டிவிட்டு, அதன் அடியில் நின்று மற்றவற்றை இறக்கலாம்.

எல்லாம் ஏற்றியதும் ஒரு சோதனை. உங்களோடு வருகிற ஒருவரிடம் கடிகாரத்தைக் கொடுத்து, நீங்கள் மண்வெட்டி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, டார்ச் நான்கையும் வெளியே எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் இடத்தை மாற்றுங்கள். அப்புறம் அவரையும் எடுக்கச் சொல்லுங்கள். நீங்களே அடிபட்டுக் கிடந்தால் தேடி எடுக்கப் போவது அவர்தான்.

வழியில், திரும்பி வந்த பிறகு

மண் பாதையில் இறங்கி 15, 20 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி எல்லாப் பட்டைகளையும் ஒரு முறை இறுக்குங்கள். சாமான் அமர்ந்துகொள்வதால் முதல் தடவை கட்டாயம் தளர்ந்திருக்கும். கேரியர் போல்ட்டுகளையும் கையால் தொட்டுப் பாருங்கள்.

வீடு திரும்பிய அன்றே டென்ட்டைப் பிரித்து உலர்த்திவிடுங்கள், ஈரத்தோடு மடித்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். மீட்புப் பட்டையை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். இழைகளுக்குள் புகுந்த மணல், அடுத்த முறை பட்டை இழுபடும்போது உள்ளிருந்தே அவற்றை அறுக்கும். காய்ந்ததும் முழு நீளத்தையும் விரலால் தடவிப் பார்த்து, வெட்டோ பிசிறோ தட்டுப்பட்டால் அந்தப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இரண்டு பயணத்தில் ஒரு தடவைகூட வெளியே வராத பொருள் முதல் இரண்டு குவியலைச் சேர்ந்ததாக இல்லையென்றால் வீட்டிலேயே இருக்கட்டும். பயன்படுத்திய கட்டுத் துணி, பஞ்சர் திரி, கேஸ் டின் இவற்றுக்கு மாற்றை அந்த வாரமே வாங்கி, அதே பெட்டியில் அதே இடத்தில் வைத்துவிடுங்கள்.